கண் குளிர்ந்தால்தான் வானம் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு மலரில், அகச்சிவப்பு வானியலுக்கும் ரேடியோ வானியலுக்கும் உணரிகள் செய்து ஆராயும் விஞ்ஞானி ஒருவரைப் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். இப்படி ஒரு பொருளைத் தமிழில் தொட்டதற்கே பாராட்ட வேண்டும். ஆனால் அவர் என்ன வேலை செய்கிறார் என்ற இடம் வந்ததும், 'நவீன கேமராக்களையும் ஏரியல்களையும் உருவாக்குகிறார்' என்று ஒரே வரியில் கட்டுரை தாண்டிவிட்டது. அந்த வரிக்குள்தான் அவருடைய வாழ்நாள் உழைப்பு அடங்கியிருக்கிறது. போதாக்குறைக்கு இரண்டு பிழைகள் வேறு. ரேடியோ தொலைநோக்கி விண்மீன்களின் ஒலியைக் கேட்கிறது என்பது ஒன்று. கண்ணாடியோ தட்டோ பெரிதானால் மங்கலானதெல்லாம் தெரிந்துவிடும் என்பது மற்றொன்று. முன்னது முழுப் பிழை, பின்னது அரைப் பிழை.

முதலில் அந்த ஒலி. பழியைக் கட்டுரையாளர் மேல் மட்டும் போட முடியாது. சொல்லுக்கும் பங்கு உண்டு. 'வானொலி' என்பது ஒலிபரப்புக்கு அருமையான சொல். அதையே தூக்கிவந்து 'வானொலித் தொலைநோக்கி' என்று எழுதும்போது, விண்மீன் பாடுகிறது, தட்டு காது கொடுத்துக் கேட்கிறது என்று பிள்ளைகள் மனத்தில் ஒரு படம் ஒட்டிக்கொள்கிறது. விண்வெளியைத் தாண்டி ஒலி நம்மிடம் வர வழியே இல்லை. வருவது ஒளியின் உடன்பிறப்பு. அலைநீளம் மட்டும் மில்லிமீட்டரில் தொடங்கிப் பல மீட்டர் வரை நீண்டுவிட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊரில் கார்ல் ஜான்ஸ்கி என்ற பொறியாளர் 1932இல் 20.5 மெகாஹெர்ட்ஸில் விடாமல் வந்த ஓர் இரைச்சலைப் பிடித்தார். கடல்கடந்த தொலைபேசிக்கு இடையூறு எங்கிருந்து வருகிறது என்று தேடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. காதில் விழுந்த 'உஸ்' அவருடைய ரிசீவர் உண்டாக்கியது. வானம் அனுப்பியது மின்காந்த அலையை. அந்த இரைச்சல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பியிருந்தால் சூரியன்மேல் சந்தேகப்பட்டிருக்கலாம். அது 23 மணி 56 நிமிடத்தில் திரும்பியது. அந்த 4 நிமிடம்தான், இது விண்மீன்களோடு சுற்றிவரும் ஒன்று என்று காட்டிக்கொடுத்தது, மூலம் பால்வீதி. அவர் பெயரில் இன்று ஓர் அலகு இருக்கிறது. ஒரு வாட்டைப் பத்தால் 26 முறை வகுத்து வரும் ஆற்றல், ஒரு சதுர மீட்டரில், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் விழுந்தால் அது 1 ஜான்ஸ்கி. வானத்தில் பெரும்பாலான பொருள்களுக்கு அந்த ஒன்றே அதிகம்.

ரேடியோ வானியல் அல்லது கதிரலை வானியல் என்று எழுதினால் குழப்பம் தீரும்.

இப்போது அரைப் பிழைக்கு வருவோம். பெரிய தட்டு அதிகம் சேகரிக்கும் என்பது சரி. ஆனால் அகச்சிவப்பிலும் ரேடியோவிலும், வானத்திலிருந்து வருவதைவிடக் கருவியிலிருந்தே வருவது அதிகம். சூடாக இருக்கும் எதுவும் ஒளிரும். 300 கெல்வினில், அதாவது நம் ஊர்ப் பகல் வெப்பத்தில், இருக்கும் பொருள் (கெல்வின் என்பது மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியமாக வைத்து எண்ணும் வெப்ப அளவு) 10 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி மிகுதியாக ஒளிர்கிறது. தகரக் கூரை, செம்பனை மட்டை, படிப்பவரின் நெற்றி எல்லாம் அந்த அலைநீளத்தில் விளக்குகள்தாம். தொலைநோக்கியின் கண்ணாடி, குழாய், உணரியைத் தாங்கும் திருகாணி உட்பட எல்லாமே எரிந்துகொண்டிருக்கின்றன. பட்டப்பகலில், தானே ஒளிவிடும் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு விண்மீன் தேடுவதற்கு இது சமம்.

ரப்பர் தோட்டம் பார்த்தவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். அகச்சிவப்பு உணரியின் ஒவ்வொரு புள்ளியும், ரப்பர்ப் பால் வடிந்து சேர மரத்தில் கட்டிய ஒரு மங்கு, அதாவது கிண்ணம். ஒளித்துகள் விழ விழ அதில் எலக்ட்ரான் சொட்டுச் சொட்டாகச் சேரும். குறித்த நேரத்தில் எடுத்து அளக்கிறோம். மழைநாளில் மரம் சீவ யாரும் போவதில்லை. மங்கில் பாலைவிட நீர்தான் நிற்கும். அகச்சிவப்பு வானியலாளருக்குத் தரையில் எல்லா நாளும் மழைநாள். மங்கு நிரம்பி வழிவதற்குள் விநாடிக்குப் பலமுறை எடுத்தாக வேண்டும். அதோடு, தொலைநோக்கியின் சிறிய கண்ணாடியை விநாடிக்குச் சில முறை ஆட்டி, விண்மீன் இருக்கும் இடத்தையும் பக்கத்து வெற்று வானத்தையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறார்கள். பாலும் நீரும் சேர்ந்த மங்கிலிருந்து, நீர் மட்டும் விழுந்த பக்கத்து மங்கின் அளவைக் கழிப்பதுபோல.

மங்கின் பொருளே மழைக்குக் காரணமாவதும் உண்டு. கட்டுரை தவறவிட்ட இடம் இதுதான். சாதாரணக் கேமராவில் இருக்கும் சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க 1.12 எலக்ட்ரான்வோல்ட் (இந்த அளவுக்கான மிகச் சிறிய சக்தி அலகு) வேண்டும். 1.1 மைக்ரோமீட்டருக்கு மேல் நீண்ட அலையின் ஒளித்துகளுக்கு அந்தச் சக்தி கிடையாது, அதனால் சிலிக்கான் அதற்குக் குருடு. டிவி ரிமோட்டின் முனை கைத்தொலைபேசிக் கேமராவில் ஊதா கலந்த வெண்மையாக மின்னுவது 0.94 மைக்ரோமீட்டர் என்பதால். அதுவே எல்லைக்குப் பக்கம். இன்னும் நீண்ட அலைக்குப் போக, எலக்ட்ரான் எளிதில் அவிழ்ந்துவரும் பொருள் வேண்டும். பாதரசம், காட்மியம், டெலுரியம் மூன்றையும் கலந்து, விகிதத்தை மாற்றி, எல்லையை 2.5 மைக்ரோமீட்டரிலோ 5 மைக்ரோமீட்டரிலோ வைக்கலாம். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அண்மை அகச்சிவப்புக் கேமராவில் இருப்பவை இந்த இரண்டு வகைகள். அங்கிருந்து 28 மைக்ரோமீட்டர் வரை ஆர்சனிக் கலந்த சிலிக்கான். அதற்கும் அப்பால் காலியம் கலந்த ஜெர்மானியம். அந்தப் படிகத்தை ஒரு திருகால் இறுக்கி அழுத்தினால் எல்லை 200 மைக்ரோமீட்டர் வரை நகரும்.

எளிதில் அவிழும் எலக்ட்ரானை ஒளி மட்டுமா அவிழ்க்கும்? வெப்பமும் அவிழ்க்கும். 28 மைக்ரோமீட்டர் ஒளித்துகளின் சக்தி 0.044 எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பத்தில் அணுக்களின் சராசரி ஆட்டமே 0.026. இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள். அப்படியே விட்டால், ஒளியே விழாமல் மங்கு நிரம்பிவிடும். இதை இருள் மின்னோட்டம் என்பார்கள். ஆகவே அலை நீள நீள, உணரி குளிர வேண்டும். ஜேம்ஸ் வெப்பின் அண்மை அகச்சிவப்பு உணரிகள் 40 கெல்வினை ஒட்டி இயங்குகின்றன. வெயில் மறைப்புத் திரையின் ஐந்து அடுக்குகளுக்குப் பின்னால் நிழலில் நின்றாலே அந்தக் குளிர் கிடைத்துவிடும். நடு அகச்சிவப்புக் கருவியின் ஆர்சனிக் உணரிகளுக்கு 7 கெல்வினுக்கும் கீழே வேண்டும். அதற்கு நிழல் போதாது, ஹீலியம் ஓடும் தனிக் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள். ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியின் கதையும் இதையே சொல்லும். 2009 மே மாதம் அதன் திரவ ஹீலியம் தீர்ந்தது. நீண்ட அலை உணரிகள் எல்லாம் அன்றோடு போயின, 3.6, 4.5 மைக்ரோமீட்டரில் பார்க்கும் இரண்டு மட்டும் 2020 ஜனவரி வரை வேலை செய்தன. கண்ணாடி அதே 85 சென்டிமீட்டர்தான். மாறியது வெப்பநிலை.

இதில் எங்கே கோளாறு வரும் என்பதைச் சொன்னால்தான் உணரி செய்பவரின் உழைப்பு புரியும். ஒளியை வாங்கும் படிகம் ஒன்று, எண்ணிக் கொடுக்கும் சிலிக்கான் சில்லு வேறொன்று. 2048க்கு 2048 புள்ளிகள் என்றால் ஏறத்தாழ 42 லட்சம் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இந்தியம் என்ற மெழுகுபோல் மிருதுவான உலோகத்தில் ஒரு குமிழ் வைத்து, இரண்டு தகடுகளையும் நேர்பார்த்து அழுத்தி ஒட்டுகிறார்கள். குளிரும்போது படிகம் ஓர் அளவு சுருங்கும், சிலிக்கான் வேறோர் அளவு சுருங்கும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் ஓரத்துக் குமிழ்கள் விட்டுப்போய், படத்தின் மூலைகளில் செத்த புள்ளிகள் தெரியும். அதனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கெல்வின் என்ற கணக்கில் மெதுவாக இறக்குவார்கள். ஜேம்ஸ் வெப்புக்காக முதலில் செய்த உணரிகள் பறக்கும் முன்பே, பாதுகாப்பாக வைத்திருந்த இடத்திலேயே கெட்டன. இருட்டிலும் ஒளிரும் சூடான புள்ளிகள் பெருகின. இந்தியம் உலோகக் குமிழுக்கும் தங்கத் தொடுமுனைக்கும் நடுவே இருக்க வேண்டிய தடுப்பு சரியாக அமையாமல், இரண்டு உலோகமும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவியதே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அமைப்பை மாற்றிப் புதிதாகச் செய்து பொருத்திய பிறகே தொலைநோக்கி 2021 டிசம்பர் 25இல் கிளம்பியது.

குளிர்ப்பெட்டிக்குள் போகும் கம்பியிலும் கவனம் வேண்டும். வீட்டு மின்கம்பிபோல் செம்பு போட்டால் அதன் வழியே வெளி வெப்பம் உள்ளே வழியும். மின்சாரம் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை என்று மாங்கனின், பாஸ்பர் வெண்கலம் போன்ற உலோகங்களில் மயிரிழைக் கம்பி போடுவார்கள். வெற்றிடம் கசிந்தால் உள்ளே புகும் காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடிமேல் பனியாகப் படிந்துவிடும். குளிரூட்டியின் நடுக்கம் கம்பியை ஆட்டினால், ஆட்டமே சமிக்ஞைபோல் பதிவாகும். பிரகாசமான விண்மீனைப் பார்த்த பிறகு அதன் நிழல் உணரியில் சற்று நேரம் தங்கி, அடுத்த படத்தில் இல்லாத விண்மீனைக் காட்டும். விண்வெளியிலிருந்து பாய்ந்துவரும் துகளான காஸ்மிக் கதிர் ஒன்று பட்டால் ஒரு புள்ளி திடீரென்று குதிக்கும். மங்கைக் கவிழ்க்காமலே மட்டத்தைப் பலமுறை எட்டிப்பார்த்து, ஏறும் சரிவை மட்டும் கணக்கெடுத்தால் அந்தக் குதிப்பு தனியாகத் தெரிந்துவிடும், கழித்துவிடலாம்.

சில நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் எலக்ட்ரானை எண்ணும் உத்தி ஓய்ந்துவிடுகிறது. அங்கே பழைய வழிக்கே திரும்புகிறார்கள்: சூட்டை அளப்பது. வில்லியம் ஹெர்ஷல் 1800இல் முப்பட்டகத்தின் சிவப்பு நிறத்துக்கு வெளியே, கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில், வெப்பமானியை வைத்துத்தான் அகச்சிவப்பைக் கண்டார். 1961இல் ஃபிராங்க் லோ திரவ ஹீலியத்தில் குளிர்வித்த ஜெர்மானியத் துண்டைக்கொண்டு அதே வெப்பமானியைப் பல மடங்கு கூர்மையாக்கினார். ஹவாய் மலைமேல் இருக்கும் ஸ்கூபா-2 கருவியில் இன்று ஏறத்தாழ 10,000 மீக்கடத்திப் புள்ளிகள், 0.1 கெல்வினில். மீக்கடத்தி என்பது மிகுந்த குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள். மீக்கடத்தி தன் நிலை மாறும் விளிம்பில் நிறுத்தப்பட்டிருப்பதால், துளி வெப்பம் பட்டாலே அதன் மின்தடை சட்டென ஏறும்.

ரேடியோவின் போக்கு வேறு. 21 சென்டிமீட்டர் அலையின் ஒளித்துகளைத் தனித்தனியாக எண்ண நினைப்பது வீண். அவ்வளவு மெலிந்த சக்தி. அங்கே அலையையே, அதன் ஏற்ற இறக்கம் கெடாமல், பெருக்குகிறார்கள். ஏற்ற இறக்கம் கெடாததால்தான் பல தட்டுகளைக் கோத்து ஒரே பெரிய தட்டாகப் பயன்படுத்த முடிகிறது. புனே அருகே 45 மீட்டர்த் தட்டுகள் 30, சிலியின் 5,000 மீட்டர் உயர மேட்டில் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியின் 66 தட்டுகள் அப்படித்தான் வேலை செய்கின்றன. அதிர்வெண் மிக அதிகமாக இருந்தால் பெருக்குவதற்கு முன் கீழே இறக்க வேண்டும். நாமே உண்டாக்கும் ஓர் அலையை வரும் அலையோடு கலந்தால், இரண்டின் வித்தியாசம் கையாளக்கூடிய அதிர்வெண்ணில் கிடைக்கும். ஆல்மாவில் அந்தக் கலப்பி, இரண்டு நியோபியம் படலங்களுக்கு நடுவே ஏறத்தாழ 1 நானோமீட்டர் தடிப்பில் அலுமினிய ஆக்சைடு வைத்த மீக்கடத்திச் சந்தி. 4 கெல்வினில் இருக்கும். நம் வீட்டுக் கூரைச் சாட்டிலைட் தட்டின் முனையில், அலையை வாங்கிப் பெருக்கும் சிறு பெட்டியான எல்.என்.பி. செய்வதும் இதே வேலைதான், குளிர் மட்டும் கிடையாது.

இங்கே தமிழ்நாட்டு ஊட்டியைச் சொல்லாமல் போக மனமில்லை. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 326.5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலைப்பக்கமாகத் தேடிப்பிடித்து வடக்கு தெற்காகக் கிடத்தியதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினால் போதும், ஒரு மூலத்தை 9 மணி நேரத்துக்கும் மேல் தொடரலாம். எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கட்டுவதானால் 5 டிகிரிக்கும் குறைந்த சரிவு போதும்.

ரேடியோ உணரியின் தரத்தையும் கெல்வினில்தான் சொல்கிறார்கள். உள் இரைச்சல் 100 கெல்வின் என்றால், 100 கெல்வின் சூடுள்ள பொருள் ஒன்று எப்போதும் தட்டின் முன்னால் நிற்பதற்குச் சமம் என்று பொருள். எவ்வளவு மங்கலானதைப் பிடிக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அந்த 100ஐ, அலைப்பட்டையின் அகலத்தையும் நேரத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, அதனால் வகுக்க வேண்டும். இரைச்சல் பாதியாக வேண்டுமானால் நான்கு மடங்கு நேரம் பார்க்க வேண்டும். உணரியின் கெல்வினைப் பாதியாக்கினாலும் அதே பலன், நேரம் செலவில்லாமல். 1964, 65இல் அதே ஹோம்டெலில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு ரேடியோ வானியலாளர்கள் 4,080 மெகாஹெர்ட்ஸில் 3.5 கெல்வின் மிச்சத்தைக் கண்டுபிடித்ததற்குப் பெரிய தட்டு காரணம் அல்ல. திரவ ஹீலியத்தில் அமிழ்ந்த ஒப்பீட்டு மூலத்தோடு ஒப்பிட்டு, தங்கள் கருவியின் ஒவ்வொரு கெல்வினுக்கும் கணக்குக் காட்டினார்கள். கணக்கில் அடங்காமல் நின்றது பிரபஞ்சத்தின் ஆதி வெப்பம். 1978இல் நோபல் பரிசு.

ஹீலியமும் 5,000 மீட்டர் மலையும் நம்மிடம் இல்லை. அகச்சிவப்பில் தோட்டப்புற ஊரிலிருந்து உருப்படியாக ஒன்றும் செய்ய முடியாது. காற்றின் ஈரமே விழுங்கிவிடும். தொடாமலே வெப்பம் அளக்கும் தொழிற்சாலை வகை அகச்சிவப்பு வெப்பமானியைத் தெளிந்த வானத்தின் பக்கமும் மேகத்தின் பக்கமும் திருப்பிப் பார்த்தால், மேகம் சூடாகத் தெரியும். அந்த ஈரத்தின் ஒளிர்வுதான் அது. நெற்றிக்கு வைக்கும் மருத்துவ வகை இதற்கு உதவாது, உடல் வெப்ப எல்லைக்கு வெளியே எண் காட்டாது. ரேடியோவுக்கு இந்தத் தடை இல்லை. கழற்றிப்போட்ட 60 சென்டிமீட்டர்ச் சாட்டிலைட் தட்டு ஒன்று இருந்தால், ஐந்தாம் படிவ மாணவர்கள் உணரியின் கெல்வினைத் தாங்களே அளக்கலாம்.

வேண்டியவை: தட்டு, வேலை செய்யும் எல்.என்.பி., முள் காட்டும் வகை சாட்டிலைட் ஃபைண்டர் (தட்டில் வரும் அலையின் வலுவைக் காட்டும் சிறு கருவி), 75 ஓம் ஆர்ஜி-6 கேபிள் இரண்டு துண்டு, 12 வோல்ட் பேட்டரி, மில்லிவோல்ட் காட்டும் மல்டிமீட்டர். ஃபைண்டரில் இரண்டு துளைகள் இருக்கும். எல்.என்.பி. என்று எழுதியதில் தட்டின் கேபிள், ரிசீவர் என்று எழுதியதில் மின்சாரம். மாற்றிப் போட்டால் முள் அசையாது. பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். கேபிள் முனையில் பின்னல் கம்பியின் ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி எல்லாம் அணைந்துவிடும். எல்.என்.பி.யின் பிளாஸ்டிக் மூடியில் விரிசல் இருக்கிறதா, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று முதலில் குலுக்கிப் பாருங்கள். நம் மழையில் பழைய எல்.என்.பி. சாவது பெரும்பாலும் இப்படித்தான். மின்சாரம் கொடுத்து, நிழலில் அரை மணி நேரம் விடுங்கள். சூடேறும்போது அதன் பெருக்கம் நகரும்.

பிறகு தட்டைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம், கட்டடமோ மரமோ மறைக்காத உயர வானத்துக்குத் திருப்பி, ஃபைண்டர்க் குமிழை முள் கால்வாசியில் நிற்கும்படி வையுங்கள். அதன்பின் குமிழைத் தொடவே கூடாது. மல்டிமீட்டரை, முள்ளை அசைக்கும் மீட்டரின் இரண்டு மின்முனைகளில் இணைத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, தட்டை அப்படியே தரைக்குக் கவிழ்த்தால் எண் ஏறும். வானம் இங்கே 15 கெல்வின் அளவு, தரை 300. இரண்டு ஆற்றலின் விகிதம் 3.5 என்று வந்தால், 300இலிருந்து 15ஐ 3.5ஆல் பெருக்கிக் கழித்து, வருவதை 2.5ஆல் வகுங்கள்: 99. உங்கள் உணரியின் இரைச்சல் 99 கெல்வின். பெட்டியில் 0.3 டெசிபெல் என்று அச்சடித்திருந்தால் அது 21 கெல்வினைக் குறிக்கும். விளம்பரத்துக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் அன்றே தெரிந்துவிடும். முள் வாட்டுக்கு நேர்விகிதத்தில் ஏறாத ஃபைண்டர்களும் உண்டு. இரண்டு டெசிபெல், மூன்று டெசிபெல் மட்டுப்படுத்திகளை நடுவில் போட்டு, எண் எப்படி இறங்குகிறது என்று ஒரு அட்டவணை எழுதிக்கொள்வது நல்லது.

சூரியனைப் பிடிக்கக் காலை 9 மணியோ மாலை 4 மணியோ தோதான நேரம். உச்சிக்கு வந்துவிட்டால் தட்டைச் சாய்க்கும் பிடி ஒத்துழைக்காது. நம் ஊர்த் தட்டுகள் ஆஃப்செட் வகை, அதாவது எல்.என்.பி. தட்டின் நடுவுக்கு நேரே இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி நிற்கும். எல்.என்.பி.யின் நிழல் தட்டின் நடுவில் விழ வேண்டும் என்று திருப்பினால் சூரியன் அகப்படாது. நிழல் கீழ் விளிம்பை ஒட்டி விழ வேண்டும். சூரியன் போகும் பாதையில் சற்று முன்னால் தட்டை நிறுத்திவிட்டு, 15 விநாடிக்கு ஒருமுறை எண்ணை எழுதுங்கள். வானம் நிமிடத்துக்குக் கால் டிகிரி நகரும். 12 ஜிகாஹெர்ட்ஸில் 60 சென்டிமீட்டர்த் தட்டின் பார்வை அகலம் 2.9 டிகிரி. ஆக, பாதி உயரத்துக்கும் பாதி உயரத்துக்கும் நடுவே சுமார் 12 நிமிடம் ஒரு மேடு வரும். 20 நிமிடம் வந்தால் எல்.என்.பி. குவியத்தில் இல்லை, அல்லது தட்டு வளைந்திருக்கிறது. தட்டு பளபளப்பாக இருக்கட்டும் என்று அலுமினியத் தாள் ஒட்ட வேண்டாம். மங்கல் வண்ணம் பூசியிருப்பதே, வெயில் குவிந்து எல்.என்.பி.யின் முகம் உருகாமல் இருக்கத்தான்.

சந்திரன் கடினம். சூரியன் 300 கெல்வின் அளவு ஏற்றினால் சந்திரன் 7தான் ஏற்றும். மேலே சொன்ன கணக்குப்படி, 1,000 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு விநாடி பார்த்தால் 0.003 கெல்வின் வரை தெரிய வேண்டும். தெரியாது. பெருக்கம் 1 சதவீதம் ஆடினாலே ஒரு கெல்வின் பொய் நுழைந்துவிடும். மேகம் ஒன்று வெயிலை மறைத்தால் போதும் அது ஆட. 1946இல் ராபர்ட் டிக்கி இதற்குத்தான் வானத்தையும் நிலையான ஒரு மூலத்தையும் விநாடிக்குப் பலமுறை மாற்றி மாற்றிப் பார்க்கும் சுவிட்சை வைத்தார். அகச்சிவப்புக்காரர்கள் கண்ணாடியை ஆட்டுவதும் இதே தந்திரம். எண்களை ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் பதிய நினைத்தால் அதன் 10 பிட் அளவி 5 வோல்ட்டில் 4.9 மில்லிவோல்ட் படிகளாகத்தான் காட்டும். 16 பிட் அளவி ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பால்வீதியின் ஹைட்ரஜன் வாயு தானே வெளியிடும் 1,420.4 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தேடும் ஆர்வம் யாருக்காவது இருந்தால் ஒரு குறிப்பு. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள பால்மாவு டின்கள் இரண்டை நீளவாக்கில் சாலிடர் செய்து, மூடிய பக்கத்திலிருந்து 9.3 சென்டிமீட்டரில் 5 சென்டிமீட்டர்ச் செம்புக் கம்பியை நிறுத்தி, முன்னால் அலுமினியத் தகட்டில் ஊதுகுழல் வாய்போல் விரியும் கூம்பு செய்தால் ஏரியல் தயார். டின்னின் சொந்த அலைநீளம் காற்றில் இருக்கும் 21 சென்டிமீட்டர் அல்ல, 37. அதை மறந்து 5.3இல் கம்பி வைப்பதுதான் வழக்கமான தவறு. பெருக்கி டின்னோடு ஒட்டியே இருக்க வேண்டும். நடுவே கேபிள் போட்டு 0.5 டெசிபெல் இழந்தால், அந்த ஒரு துண்டுக் கேபிளே 35 கெல்வின் இரைச்சலைச் சேர்க்கும். பால்வீதியின் நடுப்பகுதி நமக்கு 56 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ஐரோப்பாவில் பலர் அதை அடிவானத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இடி வரும் அறிகுறி தெரிந்தால் கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

கடைசியாக, ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கிழக்குத் தீர்க்கரேகை 91.5 டிகிரிச் சாட்டிலைட்டை நோக்கி இங்கே பொருத்திய தட்டுகள் எல்லாம் 77 டிகிரி உயரத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை சூரியன் தானாகவே அந்தப் பார்வைக்குள் வந்து போகிறது: மார்ச் 18ஐ ஒட்டிச் சில நாள், பிற்பகல் 2 மணிக்குச் சற்றுப் பின், செப்டம்பர் 25ஐ ஒட்டிச் சில நாள், 2 மணிக்குச் சற்று முன். டிவி படம் சில நிமிடம் உடைந்தால் கோளாறு அல்ல, சூரியனின் இரைச்சல். மழையில் படம் போவதும் பாதி இதே கதைதான்: துளிகள் அலையை விழுங்குவதோடு நிற்காமல், 290 கெல்வினில் தாங்களே ஒளிர்ந்து இரைச்சலைக் கூட்டுகின்றன. இக்கடிதத்தைச் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வெளியிட்டால், பள்ளிகளில் தட்டும் ஃபைண்டரும் தேடிப்பிடித்து, அரை நாள் ஒத்திகை பார்க்க அவகாசம் இருக்கும்.

இப்படிக்கு,
அறிவியல் வாசகர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.